தீக்குச்சியும் தாடை எலும்பும்

தீப்பெட்டி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. எரிவாயு அடுப்பு வந்து, மின்விளக்கு வந்து, பொறி தட்டும் கருவிகளும் வந்துவிட்ட பின்னரும் அடுப்படி மாடத்தில் ஒரு தீப்பெட்டி இருந்துகொண்டுதான் இருக்கிறது. ஊதுபத்தி கொளுத்தவும், மின்சாரம் போன இரவில் மெழுகுவத்தி ஏற்றவும் நம் உம்மாமாரின் கை முதலில் நீள்வது அதன்பால்தான். அத்துணை எளிய, அத்துணை மலிவான அப்பொருளுக்குப் பின்னே ஏறத்தாழ இரு நூற்றாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அதனை வேதியியலார் ஒருவிதமாகவும், வணிகர் மற்றொரு விதமாகவும் சொல்வர். நாம் ஈண்டு அக்குச்சியைச் செய்தவர்களின் பக்கம் நின்று அவ்வரலாற்றை நோக்க விழைகின்றோம்.

அதற்குக் காரணம் உண்டு. தொழில் செய்யும் இடத்தில் உயிருக்கும் உடலுக்கும் வரும் கேட்டை எவ்வாறு கண்டறிவது, கண்டறிந்த பின் என் செய்வது என்னும் வினா இன்று உலகெங்கும் எழுப்பப்படுகிறது. அதற்கெனச் சட்டங்கள் இருக்கின்றன, அலுவலர்கள் இருக்கின்றனர், சுவர்தோறும் எச்சரிக்கைப் பலகைகள் தொங்குகின்றன. இவ்வளவும் இருந்தும் கேடு ஏன் எளிதில் நீங்குவதில்லை என்று சிந்திப்போர்க்குத் தீக்குச்சியின் கதை நல்லதொரு பாடமாகும். ஏனெனில், இக்கதையில் நோய் இன்னதால் வருகிறது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. மாற்றுப் பொருளும் பத்தாண்டுகளுக்குள் கைக்கு வந்துவிட்டது. ஆயினும், நஞ்சு நீங்குவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவ்வறுபது ஆண்டுகளில் நிகழ்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உராய்வில் பிறந்த தீ

1669ஆம் ஆண்டில் ஜெர்மானிய நகரமாகிய ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் என்னும் இரசவாதி, பொன் செய்யும் ஆசையால் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சி வடித்துக்கொண்டிருந்தார். பொன் கிடைக்கவில்லை, இருட்டில் தானே ஒளிரும் மெழுகு போன்ற ஒரு பொருள் கிடைத்தது. அதுவே பாஸ்பரஸ். ஒளியைத் தாங்கி நிற்பது என்பது அப்பெயரின் பொருள். காற்றுப் பட்டாலே புகைந்து எரியும் இயல்புடைய அப்பொருள், நெடுங்காலம் தொழிற்சாலையின் வாயிலை மிதிக்கவில்லை.

1827ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் என்னும் ஊரில் மருந்துக் கடை வைத்திருந்த ஜான் வாக்கர் என்பவர், உரசினால் பற்றும் குச்சிகளை முதன்முதலாக விற்கத் தொடங்கினார். ஆன்டிமனி சல்பைடும் பொட்டாசியம் குளோரேட்டும் கலந்த மருந்து பூசிய அக்குச்சியை மடித்த உப்புத்தாளின் நடுவே வைத்து இழுத்தால் தீ வரும். அவர் அதற்குக் காப்புரிமை எதுவும் பெறவில்லை. வாக்கரின் குச்சியில் பாஸ்பரஸ் கிடையாது என்பதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டும். ஆனால், அக்குச்சி எளிதில் பற்றாது. பற்றினாலும் பொறி தெறிக்கும். அக்குறையை நீக்கும் முயற்சியில் 1830ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு நாட்டைச் சேர்ந்த சார்ல் சோரியா என்னும் இளைஞர் மருந்துக் கலவையில் வெள்ளைப் பாஸ்பரசைச் சேர்த்தார். குச்சி இலகுவாகப் பற்றியது. சுவரில் உரசினாலும், காலணியின் அடியில் உரசினாலும், கல்லில் உரசினாலும் தீ வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஆஸ்திரியாவிலும் ஜெர்மானிய நாடுகளிலும் இங்கிலாந்திலும் தீக்குச்சி ஆலைகள் பெருகின. சக்கிமுக்கிக் கல்லோடும் பஞ்சோடும் மல்லாடிய காலம் மறைந்தது.

குறைபாடு ஒன்றை நீக்க வந்த பொருளே பெருங்கேட்டைக் கொண்டுவந்தது. வெள்ளைப் பாஸ்பரஸ் கொடிய நஞ்சு. அக்குச்சிகளைச் சப்பிய குழந்தைகள் மாண்டன. உயிரை மாய்த்துக்கொள்ள விரும்பியோர் அம்மருந்தைக் கரைத்துக் குடித்தனர். வீட்டுக்குள் வந்த கேடு இது. ஆலைக்குள் இருந்த கேடோ, மெல்ல மெல்ல வந்தது.

வியன்னாவில் கண்டது

அக்கால ஆலை எவ்வாறு இயங்கிற்று என்பதைச் சிறிது பார்ப்போம். மெல்லிய மரக்குச்சிகளைச் சட்டங்களில் வரிசையாகச் செருகுவர். அவற்றின் முனையை முதலில் உருக்கிய கந்தகத்திலோ மெழுகிலோ தோய்ப்பர். பின்னர், பாஸ்பரசும் பசையும் கலந்து சூடாக வைத்திருக்கும் மருந்தில் முக்குவர். முக்குபவன் நாள் முழுவதும் அம்மருந்துத் தட்டின் மீது குனிந்தே நிற்பான். மருந்து தோய்ந்த சட்டங்கள் உலர்வதற்காக ஓர் அறைக்குச் செல்லும். உலர்ந்த குச்சிகளைச் சட்டத்திலிருந்து எடுத்து, வெட்டி, பெட்டியில் அடைப்பது பெரும்பாலும் பெண்களும் சிறுமியரும் செய்யும் வேலை. இவ்வறைகள் அனைத்திலும் பூண்டு நாற்றம் போன்ற நெடியுடன் பாஸ்பரஸ் ஆவி நிறைந்திருக்கும். வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் உடையும் கைகளும் இருளில் மினுங்குவதும் உண்டு.

1845ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் லோரின்சர் என்பவர் ஒரு புதிய நோயைப் பற்றி எழுதினார். அவரிடம் வந்த நோயாளிகள் தீக்குச்சி ஆலைத் தொழிலாளர்கள். அனைவருக்கும் ஒரே விதமான துன்பம். முதலில் பல்வலி; பின்னர் ஈறு வீங்கும்; பல் விழும்; விழுந்த இடம் ஆறாது; தாடையில் சீழ் கோத்து வடியும்; இறுதியில் தாடை எலும்பே உயிரற்றுப்போய் வெளியே தெரியும். அழுகிய எலும்பை அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. தப்பிப் பிழைத்தவர் உருக்குலைந்த முகத்தோடு வாழ்ந்தனர். பிழையாதவர் நஞ்சு இரத்தத்தில் கலந்து மாண்டனர். 1847ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய பிப்ரா, கைஸ்ட் என்னும் இருவர் இந்நோயைக் குறித்து விரிவானதொரு நூலையே எழுதி வெளியிட்டனர். ஆகவே, பாஸ்பரஸ் குச்சி சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகுமுன்னரே, நோய் இன்னது, அதற்கு மூலம் இன்னது, அது யாரைப் பிடிக்கிறது என்பன அனைத்தும் அச்சில் ஏறிவிட்டன. ஆங்கிலேயத் தொழிலாளர் அதனைப் 'பாஸி' என்று சுருக்கமாக அழைத்தனர்.

இனி, மாற்று வழியைக் காண்போம். அதே வியன்னா நகரில், அதே நாற்பதுகளில், ஷ்ரோட்டர் என்னும் வேதியியல் பேராசிரியர் வெள்ளைப் பாஸ்பரசைக் காற்றுப் புகாத கலத்தில் சூடாக்கிச் சிவப்புப் பாஸ்பரசாக மாற்றினார். தனிமம் ஒன்றே, இயல்போ வேறு. சிவப்புப் பாஸ்பரஸ் சாதாரண வெப்பத்தில் ஆவியாகி மூச்சில் கலப்பதில்லை, தாடையையும் தின்பதில்லை. சுவீடன் நாட்டில் யோன்ஷோப்பிங் நகரைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதனைக் குச்சியில் வையாமல் பெட்டியின் பக்கத்தில் பூசினர். குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. இரண்டும் உரசும்போது மட்டுமே தீ பிறந்தது. இன்று நாம் பயன்படுத்தும் தீப்பெட்டி அதுவே. 1855ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் அது பரிசும் பெற்றது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் அதனை உருவாக்கும் உரிமையைப் பிரையண்ட் அண்டு மே என்னும் நிறுவனம் விலை கொடுத்து வாங்கியது.

நோயை அறிந்தாயிற்று. மாற்றும் கிட்டிற்று. அப்பொழுதே வெள்ளைப் பாஸ்பரசை விலக்கியிருந்தால் இக்கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அரைக்காசின் வலிமை

முடியாமற்போனதற்கு முதற்காரணம் விலை. சிவப்புப் பாஸ்பரசைச் செய்வதற்குச் செலவு அதிகம். பாதுகாப்புத் தீப்பெட்டியின் விலை சற்றே கூடுதல். அதனை அதன் பெட்டியிலேயே உரச வேண்டும். பழைய குச்சியையோ எங்கும் உரசலாம். மக்கள் மலிவானதையே கேட்டனர். கடைக்காரர் கேட்டதையே வாங்கி அடுக்கினார். ஆலை முதலாளியும் விற்பதையே செய்தார். பாதுகாப்புக் குச்சியின் உரிமையைக் கையில் வைத்திருந்த அதே நிறுவனம், வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியையும் பெருமளவில் செய்து விற்று வந்தது. நஞ்சென்று யாவரும் அறிந்த பொருள் ஒன்று, ஒரு பெட்டிக்கு மிச்சமாகும் சிறு காசின் பொருட்டு நீடித்து நின்றது. இதில் முதலாளியின் பங்கு பெரிது. வாங்கியவரின் பங்கு இல்லையென்று சொல்வதற்கில்லை.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. நஞ்சை நீக்காமலேயே தொழிலாளியைக் காத்துவிட முடியும் என்னும் எண்ணம் எங்கும் பரவியிருந்தது. ஆலையைக் காற்றோட்டமாக்குங்கள் என்றனர். கைகளை நன்கு கழுவுங்கள் என்றனர். டர்பன்டைன் எண்ணெயின் ஆவி பாஸ்பரஸ் ஆவியை முறிக்கும் என்று நம்பி, சில ஆலைகளில் அவ்வெண்ணெய் ஊற்றிய சிறு தகரக் குப்பிகளைத் தொழிலாளரின் மார்பில் தொங்கவிட்டனர். பூச்சி விழுந்த பல்லின் வழியாகவே நஞ்சு எலும்புக்குச் செல்கிறது என்னும் கருத்து வலுப்பெற்றவுடன், பல் கெட்டவர்களை வேலைக்கு எடுக்காதீர்கள், பல் வலித்தால் பிடுங்கிவிடுங்கள் என்றனர்.

இவற்றுள் சில ஓரளவு பயன் தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அவற்றின் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். நோய் வந்தால் குற்றம் பாஸ்பரசுடையதன்று. கை கழுவாத பெண்ணுடையது, பல்லைப் பேணாத சிறுமியுடையது என்றாகிவிட்டது. பல்வலி என்று சொன்னால் வேலை போகும் அல்லது பல் போகும் என்ற நிலையில், வலியை மறைத்துக்கொண்டு வேலை செய்தவர் பலர். கேட்டைக் கண்டறிவதற்காக ஏற்பட்ட ஒரு முறையே கேட்டை ஒளித்து வைப்பதற்குத் துணைபோயிற்று.

1864ஆம் ஆண்டில் இங்கிலாந்து தீக்குச்சித் தொழிலையும் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. குச்சி செய்யும் அறைகளில் பெண்களும் சிறுவர் சிறுமியரும் உணவு உண்ணலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. நல்ல விதி. ஆயினும், அது எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்பதை இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டிற்று.

1888ஆம் ஆண்டின் வேலை நிறுத்தம்

1888ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இலண்டன் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அன்னி பெசன்ட் அம்மையார். பிற்காலத்தில் சென்னை அடையாற்றைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, பிரம்மஞான சபையின் தலைவராகவும், 1917ஆம் ஆண்டில் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராகவும் விளங்கிய அதே அம்மையார்தாம். கிழக்கு இலண்டனில் இருந்த பிரையண்ட் அண்டு மே ஆலையின் பெண் தொழிலாளரிடம் நேரில் பேசி, அவர்களுடைய குறைந்த கூலியையும், காலில் அழுக்கிருந்தால் அபராதம், பேசினால் அபராதம், குச்சியைக் கீழே போட்டால் அபராதம் என்று கூலியில் பிடித்தம் செய்யப்பட்டதையும் அவர் எழுதினார். பங்குதாரர்களுக்குப் போன இலாபத்தையும் அதனருகே வைத்துக் காட்டினார்.

எழுதப்பட்டவை பொய் என்று கையொப்பமிட்டுத் தருமாறு தொழிலாளர்களை நிருவாகம் வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தனர். ஜூலைத் தொடக்கத்தில் ஒரு பெண் வேலையிலிருந்து நீக்கப்படவே, ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் ஆலையை விட்டு வெளியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள். அவர்களுக்குச் சங்கம் இல்லை, சேமிப்பு இல்லை. ஆயினும், பதினைந்து நாள்கள் போலத் தாக்குப் பிடித்தனர். பாராளுமன்ற உறுப்பினர்களையும் கண்டு முறையிட்டனர். முடிவில் நிருவாகம் இணங்கிற்று. அபராதங்கள் ஒழிந்தன. பெண்களுக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. உணவு உண்ணுவதற்குத் தனி அறை ஒன்றும் கிடைத்தது.

இந்த இறுதிக் கோரிக்கையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அப்பெண்கள் தங்களை வருத்தும் கேட்டின் வழியைத் தெளிவாக அறிந்திருந்தனர். மருந்து பட்ட மேசையில் ரொட்டியை வைத்து, மருந்து பட்ட கையால் எடுத்து உண்ணுவதால் நஞ்சு உள்ளே போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். சட்டப் புத்தகத்தில் 1864ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்ட ஒன்றை, 1888ஆம் ஆண்டில் பட்டினி கிடந்து அவர்கள் பெற வேண்டியிருந்தது. வேலையிடத்தின் கேடுகளைக் கண்டறிய விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியவர் அவ்வேலையைச் செய்பவரே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எனினும், அவர்கள் வென்றது உண்ணும் அறையைத்தான். வேலை செய்யும் அறையில் வெள்ளைப் பாஸ்பரஸ் அவ்வாறே இருந்தது.

மறைத்தலும் வெளிப்படுத்தலும்

1891ஆம் ஆண்டில் இரட்சணிய சேனையார் கிழக்கு இலண்டனிலேயே ஓர் ஆலையைத் திறந்தனர். அங்குச் சிவப்புப் பாஸ்பரஸ் மட்டுமே பயன்பட்டது. கூலியும் மற்ற ஆலைகளினும் கூடுதல். நஞ்சின்றியும் குச்சி செய்ய இயலும் என்பதைப் பேச்சால் காட்டாமல் செயலால் காட்டினர். விலை சற்று அதிகமாக இருந்தமையால் விற்பனையில் போட்டியிட இயலாமல், 1901ஆம் ஆண்டில் அவ்வாலை மூடப்பட்டது. ஆயினும், முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அது அடைத்துவிட்டது.

1895ஆம் ஆண்டில் இங்கிலாந்து மற்றொரு சட்டம் செய்தது. ஈயம், பாஸ்பரஸ், ஆர்சனிக் ஆகியவற்றால் நேரும் நோய்களையும் ஆந்திராக்ஸ் நோயையும் அரசுக்கு அறிவித்தல் கட்டாயம் ஆயிற்று. பெரிய தொழிற்சாலை ஆய்வுப் படையை விட இந்த ஒரு விதி கூர்மையாக வேலை செய்தது. 1898ஆம் ஆண்டில் பிரையண்ட் அண்டு மே நிறுவனம் 17 தாடை நோயாளிகளைப் பற்றி அறிவிக்காமல் விட்டமை வெளியாயிற்று. அவர்களுள் சிலர் மாண்டும் போயிருந்தனர். நீதிமன்றம் விதித்த அபராதம் 25 பவுன் அளவே. ஒரு பெரும் நிறுவனத்துக்கு அத்தொகை ஒரு பொருட்டன்று. ஆனால், மூடி வைத்தது வெளியே வந்தமையால் ஏற்பட்ட அவமானம் பொருட்டாயிற்று. 1901ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெள்ளைப் பாஸ்பரசைக் கைவிட்டது.

பிரான்சு நாட்டின் கதை வேறு விதமானது. அங்குத் தீப்பெட்டித் தொழில் அரசின் தனியுரிமை. 1890ஆம் ஆண்டு முதல் அரசே ஆலைகளை நேரடியாக நடத்திற்று. தாடை அழிந்த தொழிலாளிக்குக் கொடுக்கும் ஈட்டுத்தொகையும் அரசின் கருவூலத்திலிருந்தே சென்றது. குச்சியால் வரும் இலாபமும் நோயால் வரும் நட்டமும் ஒரே பையில் வந்து விழவே, மாற்றுத் தேடும் முயற்சி விரைவுற்றது. அரசு ஆலைகளைச் சார்ந்த செவேன், காஆன் என்னும் இரு பொறியியலார், பாஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த செஸ்குவி சல்பைடு என்னும் பொருளைக் கொண்டு, எங்கும் உரசத்தக்கதும் தாடையை அழிக்காததுமான குச்சியை 1898ஆம் ஆண்டில் செய்து காட்டினர். பழைய குச்சியின் வசதியும் வேண்டும், நஞ்சும் கூடாது என்போர்க்கும் அதன்பின் சாக்கு இல்லாமற் போயிற்று. கேட்டின் செலவை எவர் தாங்குகிறாரோ அவரே அதை நீக்க முந்துவார் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

ஒரு நாடு தனியே நின்றால்

இதற்கு முன்பே சில நாடுகள் தடை விதித்திருந்தன. பின்லாந்து 1872ஆம் ஆண்டிலும், டென்மார்க் 1874ஆம் ஆண்டிலும் வெள்ளைப் பாஸ்பரசை விலக்கின. சுவிட்சர்லாந்து 1879ஆம் ஆண்டில் விலக்கி, திருட்டுத்தனமான தயாரிப்பு பெருகவே 1882ஆம் ஆண்டில் தடையை நீக்கி, 1898ஆம் ஆண்டில் மீண்டும் விதித்தது. நஞ்சுக்குத் தடை போடும்போதே, அதற்கு ஈடான பொருள் எளிய விலையில் கடைக்கு வரவும் வழி செய்ய வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகிறது.

மற்ற நாடுகள் தயங்கியதற்கு ஒரே காரணத்தையே மாறி மாறிக் கூறின. நாம் நிறுத்தினால் அண்டை நாட்டுக் குச்சி மலிவாக வந்து நம் சந்தையைப் பிடித்துவிடும் என்பதே அது. ஆகவே, எல்லாரும் சேர்ந்து நிறுத்த வேண்டும் என்னும் கருத்து உருவாயிற்று. 1906ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் டென்மார்க், பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, லக்சம்பர்க், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகள் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியைச் செய்வதையும் விற்பதையும் விலக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. தொழிலாளர் நலம் கருதி நாடுகள் பல கூடிச் செய்துகொண்ட முதல் உடன்படிக்கைகளுள் இது ஒன்று. இங்கிலாந்து 1908ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 1910ஆம் ஆண்டு முதல் அதனை நடைமுறைப்படுத்திற்று.

அமெரிக்காவில் 1910ஆம் ஆண்டில் ஜான் ஆண்ட்ரூஸ் என்பவர் ஆலைகளையும் தொழிலாளர் இல்லங்களையும் நாடிச் சென்று, நூற்றுக்கு மேற்பட்ட தாடை நோயாளிகளைக் கண்டு எழுதினார். அங்கே செஸ்குவி சல்பைடு குச்சியின் காப்புரிமையை வைத்திருந்த டைமண்டு தீக்குச்சி நிறுவனம், குடியரசுத் தலைவர் டாப்டின் வேண்டுகோளையும் ஏற்று, 1911ஆம் ஆண்டில் அவ்வுரிமையைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தது. 1912ஆம் ஆண்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிகள் மீது தாங்கொணா வரி விதிக்கப்பட்டது. அத்துடன் அங்கும் அது மடிந்தது.

நம் நாட்டுக்கு வந்தபோது

நிற்க. இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் 1913ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி, தம் ஊரில் ஆலை தொடங்கியது 1923ஆம் ஆண்டில். சட்டத்துக்கும் தொழிலுக்கும் இடையே பத்து ஆண்டுகள். சட்டம் முந்திக்கொண்டது. அதனால், சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் பல்லாயிரவர் தலைமுறை தலைமுறையாகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கட்டை அடுக்கியும், பெட்டி ஒட்டியும், மருந்து முக்கியும் பிழைத்த காலத்தில், தாடை அழுகும் நோய் அவர்களை அணுகவில்லை. வியன்னாவின் நோயாளிகளும் இலண்டனின் பெண்களும் கொடுத்த விலையால் நம் மக்கள் காக்கப்பட்டனர். வாராமற்போன நோய்க்கு வரலாற்றில் இடம் கிடைப்பதில்லை. ஆதலின், இதனை எடுத்துச் சொல்வது நம் கடமையாகிறது.

ஆனால், ஒரு கேடு நீங்கியதால் எல்லாக் கேடும் நீங்கிவிட்டதாகாது. குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் தனித்தனியே இருக்கும்வரை அடங்கி இருப்பவை. கவனமின்றிக் கலந்து உராய்ந்தால் வெடிப்பவை. தீ விபத்து இத்தொழிலின் நிழலாகத் தொடர்ந்தது. குறைந்த கூலிக்குச் சிறுவர் சிறுமியரை அமர்த்தும் வழக்கமும் வேரூன்றிற்று. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசுத் தயாரிப்பைக் குழந்தைகளுக்கு விலக்கப்பட்ட தொழில்களின் பட்டியலில் வைத்தது. சிவகாசிக் குழந்தைகளின் பொருட்டு வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 14 வயதுக்கு உட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றது. இங்கும் வழி ஒன்றே. குழந்தையை நோக்கி 'எச்சரிக்கையாக வேலை செய்' என்று சொல்வதைவிட, குழந்தையை அங்கிருந்து அகற்றுவதே காப்பு.

படிகள் ஐந்து

இன்றைய வல்லுநர் வேலையிடத்துக் கேடுகளைக் கையாளும் முறைகளைப் படிப்படியாக வரிசைப்படுத்துகின்றனர். முதற்படி, கேட்டை அடியோடு நீக்குதல். இயலாவிடில், தீமை குறைந்த பொருளை அதன் இடத்தில் வைத்தல். அதுவும் இயலாவிடில், கேட்டுக்கும் மனிதனுக்கும் இடையே தடுப்போ, புகைபோக்கியோ, மூடியோ அமைத்தல். அடுத்தது, வேலை நேரம், விதி, பயிற்சி, மருத்துவச் சோதனை ஆகியவற்றால் ஒழுங்கு செய்தல். கடைசியில்தான் கையுறையும் முகமூடியும் வருகின்றன. மேற்படி ஏற ஏறத் தொழிலாளியின் கவனத்தை நம்பியிருக்கும் நிலை குறையும். கீழே இறங்க இறங்கப் பாரமெல்லாம் அவன் தலையில் விழும்.

இவ்வரிசையைத் தீக்குச்சியின் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாம் படிக்கு உரிய மருந்து 1855ஆம் ஆண்டிலேயே கடைக்கு வந்துவிட்டது. ஆனால், உலகம் அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் கடைசிப் படிகளிலேயே நின்று கை கழுவச் சொல்லிக்கொண்டும், பல்லைப் பிடுங்கிக்கொண்டும், டர்பன்டைன் குப்பியை மார்பில் மாட்டிக்கொண்டும் இருந்தது. மேற்படியில் ஏறிய பின்னரே நோய் நின்றது. எத்தனை ஆயிரம் தாடைகள் இடையில் அழிந்தன என்பதற்கு முறையான கணக்குக்கூட இல்லை.

இப்பாடம் நமக்கும் உரியது. நம் சமுதாயத்தார் பலர் பல தொழில்களில் ஈடுபட்டவர்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் தொழில் நம்மவர் கையில் வளர்ந்தது. மேலப்பாளையத்தில் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் அமர்ந்து பீடி சுற்றி நம் பெண்கள் குடும்பம் காத்தனர். மரக்கடை, இரும்புக் கடை, உணவகம், தையற்கூடம் என்று நாலு பேருக்கு வேலை கொடுக்கும் நிலையில் இருப்போரும் நம்முள் பலர். கூலி கொடுப்போராகவும் கூலி வாங்குவோராகவும் நாம் இருக்கின்றோம். ஆதலால், வினா நம்மையே நோக்கி எழுகிறது. நம் கூடத்தில் புகை எங்கே தேங்குகிறது? எந்தத் தொட்டியில் காற்று நஞ்சாகிறது? எந்தத் தூள் யாருடைய நெஞ்சில் படிகிறது? இவற்றை அறிய வெளியிலிருந்து அலுவலர் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அங்கே பத்தாண்டு வேலை செய்த ஒருவரை அமர வைத்து, வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவருக்கு வாராதபடி கேட்டால், அவர் சொல்லிவிடுவார்.

சொன்னபின் நாம் செய்வது என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'பார்த்து வேலை செய்யப்பா' என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணுவோமா? அல்லது, அப்பொருளையே மாற்றவும், அவ்வேலையைச் செய்யும் முறையையே மாற்றவும் கொஞ்சம் காசு செலவிடத் துணிவோமா? முன்னது எளிது, செலவும் இல்லை. அறுபது ஆண்டுகள் உலகம் அதைத்தான் செய்தது.

வாங்குவோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. மலிவு என்று நாம் கைநீட்டி எடுக்கும் பொருளின் விலையில் எந்தச் செலவு சேர்க்கப்படவில்லை, அதனை எவர் தம் உடம்பால் செலுத்தினார் என்று கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் வர வேண்டும். விக்டோரியா காலத்து இலண்டன் இல்லத்தரசியர் தீயவர் அல்லர். தாம் மிச்சம் பிடித்த அரைக்காசுக்கும், கிழக்கு இலண்டனில் ஒரு சிறுமியின் தாடைக்கும் தொடர்பு இருப்பதை அவர்களுக்கு எவரும் காட்டவில்லை. காட்டியபோது அவர்களுள் பலர் மனம் மாறினர். நம் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டியின் பின்னே உள்ள இக்கதையைச் சொல்வோம். கடையில் ஒரு பொருளை எடுக்கும்போது இதை யார் செய்தார், எப்படிச் செய்தார் என்று அவர்கள் கேட்கத் தொடங்கினால், அதுவே இவ்வரலாற்றைப் படித்ததன் பயனாகும்.